அகிலேசப் பண்டிதரின் நீண்ட பாடம்

நெடுங்கரை நாட்டைக் கடம்பராயர் ஆண்டபோது தலைநகரில் ஒரு பெரிய கலாசாலை இருந்தது. வைத்தியம், வானியல், சட்டம் எல்லாம் அங்கேதான் படிக்க முடியும். அதன் தலைவர் அகிலேசப் பண்டிதர். படித்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்றவர் படித்துவிடக் கூடாது என்பதில் அதைவிடக் கவனமாக இருந்தார்.

அதற்கு வசதியாக ஒரு பழைய விதியும் இருந்தது. பள்ளி முடித்த பிள்ளைகள் தை மாதம் நுழைவுத் தேர்வு எழுத வரலாம். ஆனால் அந்தக் கலாசாலையிலேயே பாடம் கேட்ட பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அரசரின் கொள்ளுத்தாத்தா வைத்த விதி இது. அதனால் பெரிய வீட்டுப் பிள்ளைகளே உள்ளே போனார்கள். அவர்கள் பிள்ளைகளும் அப்படியே போனார்கள்.

மார்கழியில் செவந்தி என்ற பெண் பெயர் கொடுக்க வந்தாள். ஓடக்காரர் வடமலையின் மகள். ஆற்றங்கரைப் பள்ளியில் அவள்தான் முதல். வைத்தியம் படிக்க ஆசை. இந்தத் தையை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் சேர்க்க மாட்டார்கள்.

"கையைப் பிடித்து வர யார் இருக்கிறார்?" என்று கேட்டார் பண்டிதர்.

"எங்க அப்பா இருக்கிறார்."

"அவன் இங்கே பாடம் கேட்டவனா?"

"இல்லை சாமி. ஆனால் நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர்தான் அக்கரையில் கொண்டுபோய் விடுகிறார்."

"ஓடம் தள்ளியவன் எல்லாம் கலாசாலைக்காரன் ஆகிவிடுவானா? போ, போய்த் துடுப்பைப் பிடி."

செவந்தி துடுப்பைப் பிடிக்கவில்லை. நேராக அரண்மனைக்குப் போய் அரசரிடம் சொன்னாள். அரசர் தன் சபையிலிருந்த தத்தனைப் பார்த்தார். தத்தனுக்கு வாய்தான் சொத்து.

"தத்தா, பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையை உனக்குத்தானே கொடுத்தேன்?"

"ஆமாம் அரசே."

"காட்டு."

"விதியைக் கொஞ்சம் தளர்த்தினால்..."

"கொள்ளுத்தாத்தா சொன்னதை நான் தொட மாட்டேன். ஆனால் இவள் தேர்வு எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் நீ தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வடமலையோடு ஓடம் தள்ளப் போ."

"எனக்கு நீச்சல் தெரியாது, அரசே."

"அப்படியானால் சீக்கிரம் யோசி."

மறுநாள் தத்தன் பண்டிதர் வீட்டில் போய்க் காலில் விழுந்தான்.

"என்னப்பா, ஓடக்காரிக்குச் சிபாரிசா?"

"அவள் கிடக்கிறாள் சுவாமி. என் கவலை வேறு. இந்த ஊர் ஜனங்களுக்கு உங்கள் பெருமை தெரியவில்லை. சந்தையில் ஒருவனைக் கேட்டேன். அகிலேசரா, அது எந்தக் கடை என்கிறான்."

பண்டிதர் முகம் சிவந்துபோனது.

"ஒரே ஒரு நாள் கலாசாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஊரே வந்து உங்கள் பாடத்தைக் கேட்கட்டும். அரசரை முன்வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு."

"எவ்வளவு நேரம் பேசலாம்?"

"உங்களை நிறுத்தச் சொல்ல இந்த நாட்டில் யாருக்குத் தைரியம் உண்டு?"

பண்டிதருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. ஓடக்காரர்கள், வண்டிக்காரர்கள், கீரை விற்பவர்கள், சலவைக்காரர்கள் என்று மண்டபம் நிரம்பியது. 'அறிவின் மேன்மை' என்று காலையில் ஆரம்பித்தார் பண்டிதர். வெயில் ஏறியது. அவர் இன்னும் 'அ'னாவிலேயே நின்றார். வடமலை தூணில் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வடமலை மேல் சாய்ந்தார். குறட்டைச் சத்தம் பின்வரிசையில் கிளம்பி மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர், கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாடம் முடிந்தது. கடைசிவரை உட்கார்ந்தவர் நெற்றியில் ஆசிரியரே சந்தனம் வைத்து, "பாடம் கேட்டாய், போய் வா" என்று சொல்லி அனுப்புவது அந்தக் கலாசாலை வழக்கம். பண்டிதர் பூரித்துப்போய், அரசர் தொடங்கிக் கீரைக்காரி வரைக்கும் எல்லோருக்கும் தன் கையாலேயே வைத்து அனுப்பினார்.

தை மாதம் தேர்வு நாள். அரசரும் வந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வடமலை. அவருக்குப் பின்னால் தெரு முனை வரைக்கும் ஜனம், ஆளுக்கொரு பிள்ளையோடு.

"எங்கே வந்தாய்?" என்றார் பண்டிதர்.

"பொண்ணைத் தேர்வுக்குக் கூட்டிவந்தேன் சாமி. நான் இங்கே பாடம் கேட்டவன்."

"யாரிடம் கேட்டாய்?"

"உங்ககிட்டதான். நீங்கதானே சந்தனம் வச்சு, பாடம் கேட்டாய்னு சொன்னீங்க?"

பண்டிதர் தத்தனைப் பார்த்தார். தத்தன் கூரையைப் பார்த்தான்.

"அரசே, இது மோசடி. இப்போதுதான் என் சீடர்கள் சொன்னார்கள், இவன் அன்று முழுக்கத் தூங்கினானாம். குறட்டை விட்டவன் எப்படிப் பாடம் கேட்டவன் ஆவான்?"

தத்தன் கைகட்டி நின்றான். "பண்டிதர் சொல்வது சரி, அரசே. மண்டபத்தில் தூங்கியவர்களை எல்லாம் விலக்கிவிடுவோம். ஆனால் இதோ முன்னால் நிற்கும் பெரிய வீட்டுக்காரர்களையும் கேட்க வேண்டும். இங்கே படித்த காலத்தில் ஒரு நாளும் தூங்காதவர் மட்டும் முன்னால் வரட்டும்."

ஒருவரும் அசையவில்லை. ஒரு மந்திரி மட்டும் காலைத் தூக்கினார், மனைவி பார்த்ததும் மறுபடி வைத்துவிட்டார்.

அரசர் தொண்டையைச் செருமினார். "வேண்டாம் தத்தா. தூங்கியவர் பெயரை எல்லாம் அடித்தால் முதலில் என் பெயர் போகும். அன்றைக்குப் பின்வரிசைக் குறட்டை எங்கே வந்து முடிந்தது என்று நினைக்கிறாய்?" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பண்டிதரே, கொள்ளுத்தாத்தா விதி அப்படியே இருக்கிறது. எல்லோரையும் உள்ளே விடும்."

செவந்தி தேர்வு எழுதினாள், வைத்தியத்தில் இடமும் கிடைத்தது. பண்டிதரின் தங்கை மகனுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"தத்தா, என்ன பரிசு வேண்டும்? கேள்" என்றார் அரசர்.

"ஆண்டுதோறும் மார்கழியில் பண்டிதர் ஊருக்கெல்லாம் இதே மாதிரி பாடம் சொல்ல வேண்டும், அரசே."

"அப்படியே ஆகட்டும். உனக்கு?"

"அன்றைக்கு மட்டும் எனக்கு வெளியூரில் ஏதாவது வேலை கொடுத்துவிடுங்கள்."