ஆட்காட்டியின் இரண்டு கற்கள்

விலங்கும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு கொடுங்கோடை வந்தது. காட்டில் மிஞ்சியது ஒரே ஓர் ஊற்று. அதுவும் பாறை இடுக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். ஒருவர் குடித்துப் போனால் அடுத்தவருக்கு ஊற வெகுநேரம் ஆகும். பக்கத்தில், பாறை நிழலில், வரிசையாக எட்டுக் குழிகள் இருந்தன. வந்த வரிசைப்படி அவற்றில் உட்கார்ந்து எல்லாரும் காத்திருப்பார்கள். நிழலுக்கு வெளியே வெயில் தோலை உரித்தது.

வரிசையைக் கவனிக்கும் வேலை ஆட்காட்டிக் குருவிக்கு. முதல் குழிக்காரர் குடித்துப் போனதும் மற்றவர்கள் எல்லாரும் எழுந்து ஒரு குழி முன்னால் நகர வேண்டும். ஒருநாள் ஆமை முனகியது.

"ஒருத்தர் குடிக்க ஏழு பேரு எந்திரிச்சு நகரணுமா தாயி? ஒரு குழி ஏறி இறங்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருது."

ஆட்காட்டி யோசித்து, ஒரு வெள்ளைக் கல்லும் ஒரு கறுப்புக் கல்லும் பொறுக்கி வந்தது.

"இனிமே யாரும் நகர வேண்டாம். அடுத்து யாரு முறையோ அவங்க குழிகிட்ட வெள்ளைக் கல்லு. கடைசியா வந்தவங்ககிட்ட கறுப்புக் கல்லு. ஒருத்தர் குடிச்சா வெள்ளையை ஒரு குழி தள்ளுவேன். புதுசா ஒருத்தர் வந்தா கறுப்பை ஒரு குழி தள்ளி அங்க உக்கார வைப்பேன். எட்டாவது ஆளும் குடிச்சு முடிச்சதும் ரெண்டையும் முதல் குழிக்குக் கொண்டாந்துருவேன்."

ஆட்காட்டியை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதற்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. குட்டிக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கறுப்புக் கல்லோ எட்டாவது குழியில் நின்றது.

"இடமில்லை" என்றது ஆட்காட்டி.

பெண்மான் எட்டிப் பார்த்தது. முதல் நான்கு பேர் குடித்துப் போயிருந்தார்கள். நான்கு குழிகள் நிழலில் சும்மா கிடந்தன.

"முன்னால காலியாத்தானே இருக்கு அக்கா?"

"அங்க உக்காந்தா உன் முறை முதல்ல வந்துரும்."

"எனக்கு முதல்ல வேண்டாம். எட்டுக்கு அடுத்தது மறுபடி ஒண்ணுன்னு வச்சுக்க. கறுப்புக் கல்லைச் சுத்திக் கொண்டாந்து என்னை இங்க உக்கார வை. எட்டாவது ஆளு குடிச்ச பெறகு வெள்ளைக் கல்லும் சுத்தி வரட்டும். குட்டி வெயில் தாங்காது அக்கா."

சரிதானே என்று ஆட்காட்டிக்குச் சட்டென்று பட்டது. கறுப்புக் கல்லை அலகால் தொடவும் செய்தது. அதற்குள் ஐந்தாம் குழியிலிருந்து நரி குரல் கொடுத்தது.

"பின்னால வந்தவ முன்னால உக்காருவாளா? அப்புறம் நாங்க எதுக்குக் காத்துக்கிடக்கோம்?"

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். தன் ஏற்பாட்டில் இப்போதுதான் வந்த ஒரு மான் ஓட்டை கண்டுபிடிப்பதா என்று ஆட்காட்டிக்கும் ரோசம் வந்தது.

"எட்டு நிறைஞ்சா நிறைஞ்சதுதான். வெளியில நில்லு."

பெண்மான் வெளியில் நின்றது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் ஒண்டியது, தரையே கொதித்தது. எட்டாவது ஆளும் குடித்துப் போனபின் ஆட்காட்டி கற்களை முதல் குழிக்குக் கொண்டுவந்து, "வா" என்று கூப்பிட்டது. குட்டி செத்துக் கிடந்தது.

பெண்மான் சபிக்கவில்லை. "இடம் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டது.

அடுத்த நாளே கற்கள் சுற்றிவரத் தொடங்கின. எட்டுக்கு அடுத்தது ஒன்று. அது தன் யோசனைதான் என்று நரி காடெல்லாம் சொல்லிக்கொண்டது. ஆமாம் போட்டவர்கள் அதற்கும் ஆமாம் போட்டார்கள். குட்டியைக் கொன்ற பழியை ஆட்காட்டி தலையில் கட்டி, வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். கூட்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் என்றைக்கும் கெட்டிதான்.

இன்று கணினியில் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கும் தகவல்களை வரிசை கட்ட இதே குழிகளையும் இரண்டு கற்களையும்தான், அதாவது எண்ணிட்ட இடங்களையும் முதலையும் கடைசியையும் காட்டும் இரண்டு குறிகளையும்தான், கொடுக்கிறார்கள். முதல் தடவை முக்கால்வாசிப் பேர், முன்னால் இடம் காலியாகக் கிடக்கும்போதே நிறைந்துவிட்டது என்று சொல்லி, பெண்மானைத் துரத்தித்தான் விடுகிறார்கள். அங்கே யாரும் சாவதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடையிலிருந்துதான் ஆட்காட்டி நாலடி ஓடி நின்று, குனிந்து பார்த்து, மறுபடி ஓடுகிறது, எங்காவது குழி காலியாகக் கிடக்கிறதா என்று. நிழல் மரம் எத்தனை இருந்தாலும் ஒதுங்காமல், வெட்டவெளியில் குழி பறித்து, சுற்றிலும் கல் வைத்து, தன் குஞ்சுகளை அதே வெயிலில்தான் பொரிக்கிறது.