நாலாவது பதில்

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பேரெல்லாம் எதுக்கு? கேளு. அங்கே சடையன்னு ஒரு மரவெட்டி இருந்தான்.

அந்த ஊர் மரவெட்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி வெட்டுக்கு முன்னாடி கோடாலியைக் கீழே வச்சுட்டு மூணு தரம் கூப்பிடணும். காட்டுக்குள்ள இருக்கிற ஒவ்வொருத்தனும் "விலகிட்டேன்"னு சொல்லணும். ஒரு பதில் குறைஞ்சாலும் மரத்தைத் தொடக் கூடாது.

போன வருஷம் ஒரு பதில் குறைஞ்சது. மேஸ்திரி வீரபாகு, "நேரமில்லை"ன்னு தானே கோடாலியை வாங்கி வெட்டினான். அடியில கிடந்தது சடையனோட தம்பி மாடன். ராஜா கேட்டப்போ, "தூங்கிட்டான் மகாராஜா"ன்னான் மேஸ்திரி. ராஜாவும் நம்பிட்டார்.

இந்த வருஷம் அரண்மனைத் தூணுக்கு அதே சரிவுல ஒரு வேங்கை மரம். உச்சிப் பொழுது. ஆனா மூடுபனி இறங்கி, பக்கத்துல நிக்கிறவன் முகம் தெரியலை. ஒரு குருவிச் சத்தமில்லை. கீழே மூணு பேர் கொப்பு கழிச்சுக்கிட்டு இருந்தாங்க. சடையன் சாய வேண்டிய பக்கம் வாய் பொளந்த மாதிரி ஒரு பள்ளம் வெட்டினான், அப்புறம் பின்பக்கம் வெட்டினான், நடுவுல நாலு விரல் கனம் விட்டு வச்சான். அந்த நாலு விரல்தான் மரத்தைப் பிடிச்சு, சொன்ன பக்கம் சாய்க்கும். அப்புறம் கூப்பிட்டான்.

"மரம் வருது, யாரு இருக்கா?"

"விலகிட்டேன்." "விலகிட்டேன்." "விலகிட்டேன்."

நாலாவதா ஒண்ணு, மரத்துக்கு நேர் கீழேயிருந்து:

"அண்ணே, நான் இன்னும் விலகலை."

மாடன் குரல். சடையன் கோடாலியைத் தொடலை. ரெண்டாந்தரம் கூப்பிட்டான். அதே நாலு. மூணாந்தரம் கூப்பிட்டான். அதே நாலு.

"வெட்டுடா!"ன்னான் பக்கத்துல நின்ன மேஸ்திரி.

"விலகலைங்கிறான், ஐயா."

"செத்தவன் என்ன, மறுபடியும் சாவானா? பொழுது சாயுறதுக்குள்ள மரம் விழலைன்னா ராஜா உன் தலையை எடுப்பார்."

"எடுக்கட்டும். என் தம்பி மேல ரெண்டாந்தரம் மரம் விழாது."

மேஸ்திரி கீழே இருந்த கோடாலியை எடுத்தான். விட்டு வச்ச நாலு விரலையும் வெட்டித் தள்ளினான். பிடி விட்ட மரம் கண்டபடி திரும்பி, பக்கத்து மருதமரத்துக் கவட்டையில மாட்டித் தொங்கிச்சு. கிறீச்... கிறீச்...

என்ன வாயைப் பொளக்கிறே? இன்னும் இருக்கு.

மேஸ்திரி மருதமரத்தை வெட்ட ஓடினான்.

"தொங்குற மரத்தடிக்குப் போகாதீங்க! கயிறு கட்டித் தூர நின்னு இழுப்போம்!"

"நீ எனக்குச் சொல்றியா?" பனிக்குள்ள போயிட்டான். வெட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

சடையன் அடிவயித்திலிருந்து கத்தினான். "மரம் வருது, யாரு இருக்கா?" மூணு பேர் பதில் சொன்னாங்க. மேஸ்திரி வாய் திறக்கலை. மரவெட்டிக்கு அவன் பதில் சொல்றதாவது! மறுபடி கூப்பிட்டான். மூணே பதில். மூணாந்தரம் கூப்பிட்டப்போ, சடையன் காதோரமாவே ஒரு குரல்:

"நான் விலகிட்டேன், அண்ணே."

மரம் இறங்கிச்சு. அடியில கிடந்தது மேஸ்திரி.

ராஜா விசாரிச்சார். "மூணு தரம் கூப்பிட்டேன் மகாராஜா. பதில் இல்லை"ன்னான் சடையன். கீழே இருந்த மூணு பேரும் ஆமான்னாங்க. மாடன் கதையையும் சொன்னாங்க. ராஜா தலை குனிஞ்சார்.

இன்னைக்கும் அந்தச் சரிவுல யாராவது கூப்பிட்டா, எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு பனிக்குள்ளேயிருந்து மேஸ்திரி குரல் வருமாம். "இருக்கேன்... இருக்கேன்..."

கூப்பிட்டா உடனே பதில் சொல்லணும். அவ்வளவுதான். கதை சாஞ்சாச்சு, நீயும் சாயி.