பேரீச்ச ஓலையும் நெற்றிச் சாம்பலும்

மரமும் விலங்கும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், எருசலேம் போகும் பாதையோரம் ஒரு பேரீச்ச மரம் நின்றது. மில்காள் என்ற பெண்ணும் அவள் கணவன் ஆசேரும் அதன் அருகே குடியிருந்தார்கள்.

மரத்துக்குப் பெருமை அதிகம். போரில் வென்று வருகிறவனுக்குப் பேரீச்ச ஓலை பிடிப்பது அந்த நாட்டு வழக்கம். "தோற்றவனுக்கு என் ஓலையை யாரும் தூக்கியதில்லை. ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்" என்று போகிற வருகிற ஒட்டகங்களிடமெல்லாம் அது சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதை நிறையக் கூட்டம். இயேசு கழுதைமேல் வந்துகொண்டிருந்தார். கையில் வாளில்லை. பின்னால் படையில்லை.

"இவருக்கா ஓலை பிடிப்பது?" என்று மில்காள் மரத்தைக் கேட்டாள்.

மரம் வெகுநேரம் எட்டிப் பார்த்தது.

"என்ன பார்க்கிறாய்? குதிரை இல்லையே என்றா?" என்றது கழுதை.

"நீ பேசாமல் நட" என்ற மரம், மில்காள் பக்கம் குனிந்தது. "நல்ல குருத்தாக வெட்டிக்கொள். வெல்லுகிறவர் இவர்தான்."

மில்காள் தொண்டை கட்டும்வரை "ஓசன்னா" என்று வாழ்த்துப் பாடினாள். ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் நிலையில் செருகினாள்.

வெள்ளிக்கிழமை அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். பார்த்துவிட்டு வந்த மில்காள் ஓலையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"பொய் சொன்ன மரம் என் வாசலில் நிற்கக் கூடாது. வெட்டிப் போடுங்கள்!"

"நிழலும் கிடையாது, வாயும் அடங்காது" என்று ஆசேர் கோடாலியோடு வந்தான்.

"நான் பொய் சொல்லவில்லை" என்றது மரம்.

"செத்தவர் எதை வெல்வார்?" என்றாள் மில்காள்.

"அது எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான்."

அதற்குள் பொழுது சாய்ந்து ஓய்வுநாள் பிறந்துவிட்டது. ஓய்வுநாளில் அவர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஆசேர் முணுமுணுத்துக்கொண்டே கோடாலியை மரத்தில் சாத்திவைத்தான். அடுப்புச் சாம்பலும் அள்ளப்படாமல் கிடந்தது.

ஓய்வுநாள் கழிந்த விடியலில் மில்காள் சாம்பலை அள்ள உட்கார்ந்தாள். வெளியே கோடாலி விழும் சத்தம் கேட்டது. அதே நேரம் அடுத்த வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மில்காள்! கல்லறை காலியாம்! அவர் உயிரோடு எழுந்துவிட்டாராம்!"

"ஐயோ, என் அவசரமே!" என்று மில்காள் சாம்பல் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு ஓடினாள். "நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்!"

அடிமரத்தில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அடுத்ததற்கு ஓங்கிய கை நின்றது.

"நெற்றியில் என்ன?" என்று மரம் கேட்டது.

"உன் ஓலைதான்." அவள் துடைக்கப் போனாள்.

"துடைக்காதே, கொஞ்சம் இருக்கட்டும். இனி ஓலை வெட்டினால் ஓராண்டு பொறுத்து எரி."

அன்று முதல்தான், இயேசு கழுதைமேல் வந்த நாளை நினைக்கும் குருத்தோலை ஞாயிறன்று பிடித்த ஓலையைத் தூக்கி எறியாமல் வீட்டில் வைத்திருக்கிறார்கள். பேரீச்சை இல்லாத நம் ஊர்களில் தென்னங்குருத்துக்கும் அதே மரியாதைதான். அடுத்த ஆண்டு அதை எரித்த சாம்பலை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் அதை உடனே துடைப்பதில்லை.