கஞ்சி மடத்து டிராக்டர்

பெரிய வண்டி ஓட்டினவனுக்குச் சின்ன வண்டியைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம் இருக்கத்தான் செய்யும். குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு நிறையவே இருந்தது. பின்னே? முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டின கை. ரிட்டையர் ஆன பிறகு ஒரு நாள் அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகப் போய்த் தரையை மிதித்தது. பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், காலு வலியா?" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு அன்றைக்கு மனசு விட்டுப் போனது.

அதற்கப்புறம்தான் கஞ்சி மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் கஞ்சியும் துவையலும் உண்டு. எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. மடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் உலகம்மை. வயசு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, அண்ணாச்சிக்கு மகள் மாதிரி. ஆனால் அண்ணாச்சி "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

வந்த புதிதில் ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு ஏதாவது உபதேசம் சொல்லக் கூடாதாம்மா?"

"கஞ்சி ஆறுது, அண்ணாச்சி."

இதில் பெரிய அர்த்தம் இருக்கும் என்று அண்ணாச்சி யோசித்துக் கொண்டிருந்ததில், கஞ்சி நிஜமாகவே ஆறிப் போனது.

மடத்துக்கு மூணு ஏக்கர் நிலம், குளத்துக்குக் கீழே. மூணு ஏக்கர் என்றால் ஒரே விரிப்பு இல்லை. அஞ்சு வயல். ஒன்று நீளம், ஒன்று முக்கோணம், ஒன்று பிறை மாதிரி வளைந்து கிடக்கும். கஞ்சிக்கு அரிசி இந்த அஞ்சு வயலில் இருந்துதான் வரவேண்டும்.

வாடகை டிராக்டர்காரர்கள் இந்த வயல்களைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். "இதுக்குள்ள வண்டியைத் திருப்பறதுக்குள்ள நான் நாலு பேரு வயலை உழுதுருவேன்" என்பார்கள். ஊரெல்லாம் உழுத பிறகு கடைசியாக வருவார்கள். போன வருஷமும் அப்படித்தான். கடைசியாக உழுது, கடைசியாக நட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் வற்றிவிட்டது. பாதிக்குப் பாதி பதர். பங்குனி, சித்திரை வெயிலில் மடத்துக் கதவு சாத்திக் கிடந்தது. பசியோடு வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கஞ்சி குடித்து வளர்ந்த ஒருவர் இப்போது வசதியாக இருக்கிறார். அவர் சொல்லியனுப்பினார்: "மடத்துக்கு ஒரு டிராக்டர் வாங்கித் தாரேன். எந்த அளவுன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐம்பது ஹெச்.பி. எடுப்போம்மா. வாங்குறதை வாட்டசாட்டமா வாங்கிறணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது, அண்ணாச்சி. நம்ம வயலுக்கு எது சரியான அளவு?"

"பெருசுதான். பெருசு சின்ன வேலையையும் செய்யும். சின்னது பெரிய வேலையைச் செய்யுமா?"

"அப்ப ஓட்டிக் காட்டுங்க" என்றார் அம்மா.

டிராக்டர் கடைக்காரர் பார்த்துச் சொல்லத்தான் செய்தார். "சார், உங்க வயலுக்கு இருபத்தெட்டு போதும். அதுக்கும் கீழ போனா களிமண்ணுல மூச்சு வாங்கும். இந்த ஐம்பது வேண்டாம் சார்." அண்ணாச்சி சிரித்தார். "மலைப்பாதையில பஸ்ஸை ஒடிச்சுத் திருப்பினவன் தம்பி நான்." ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று, பின்னால் சுழன்று மண்ணைக் குழப்புகிற ரோட்டாவேட்டரைக் கோர்த்துக் கொடுத்து அனுப்பினார் கடைக்காரர்.

சும்மா சொல்லக் கூடாது. அன்றைக்கு அண்ணாச்சி ஓட்டினது ஓட்டம்! தெருவில் ரெண்டு பக்கமும் விரற்கடை இடம்தான். ஓட்டுக் கூரை ஒன்றில் கூட உரசாமல் கொண்டுவந்தார். மடை திறந்து முதல் தண்ணீர் வயலில் நின்றது. மேல் வயலில் இறங்கினார், சேறு குழம்பாகக் குழைந்தது. முக்கோண வயலில் வண்டி திரும்ப இடமே இல்லை. முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று வண்டியைத் தாலாட்டி, தாலாட்டி, திருப்பிவிட்டார். வரப்பில் நின்ற சனம் கை தட்டியது. "இவருல்லா டிரைவரு!" என்று யாரோ சொன்னது அண்ணாச்சி காதில் தேனாக விழுந்தது.

பொழுது சாய மூணு வயல் முடிந்தது. அண்ணாச்சி மதுரை பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தின தோரணையில் இறங்கினார். அம்மாவைத் தேடினார்.

அம்மா முதல் வயலின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். சேலையை இழுத்துச் செருகி, கையில் மண்வெட்டி. வண்டி எட்டாமல் விட்ட மூலையைக் கொத்திக் கொண்டிருந்தார். அதை முடித்து அடுத்த மூலைக்குப் போனார். சக்கரம் ஏறி ஒடித்த வரப்பு ஒன்று தண்ணீரைக் கக்கிக் கொண்டிருந்தது. அதில் வைக்கோலையும் சேற்றையும் வைத்து அடைத்தார்.

"அதை விடுங்கம்மா, நாளைக்கு ஆள் வச்சுக்கிடலாம்."

"வண்டி விட்ட இடத்துலயும் நெல்லு வளரும்லா, அண்ணாச்சி."

குரலில் குத்தல் ஒன்றுமில்லை. அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"நான் ஓட்டினது எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா ஓட்டினீங்க. இந்த வயல்ல அந்த வண்டியைத் திருப்ப உங்களைத் தவிர வேற யாராலயும் முடியாது."

மூணு வருஷமாக அந்த வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்ததில்லை. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கஞ்சியை ரெண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

காலையில் எழுந்தால் கழுத்து திரும்பவில்லை.

காரணம் எளிது. பஸ் ஓட்டுகிறவனுக்கு எல்லாம் முன்னால். பின்னால் நடப்பதைக் கண்ணாடி காட்டும், கண்டக்டர் சொல்லுவார். டிராக்டர்காரனோ பின்னால் கோர்த்த கருவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். முப்பது வருஷம் திரும்பாத கழுத்தை ஒரே நாளில் ஆயிரம் தடவை திருப்பினால் அது சும்மா இருக்குமா? பிடித்த பிடியில், கையைத் தூக்கினால்கூட உயிர் போனது.

இன்னும் ரெண்டு வயல் பாக்கி. அன்றைக்குப் பொழுதடைந்தால் மடைத் தண்ணீர் அடுத்த ஊர் வயலுக்குப் போய்விடும். மடத்து வயலுக்கு மறுபடியும் முறை வர ஒரு மாசம் ஆகும். போன வருஷக் கதைதான் மறுபடியும்.

மடத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற கோமு வந்தாள். "நான் பாக்கேன், அண்ணாச்சி" என்று ஏறினாள். கிளட்ச் எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, எழுந்து நின்று மிதித்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வரப்பைப் பார்த்துப் பாய்ந்தது. பயந்துபோய் அணைத்துவிட்டு இறங்கினாள்.

"ஆத்தாடி, இது நமக்கு ஆகாது."

ஊரில் வேறு யார்? வாடகை வண்டிக்காரர்கள் எல்லாரும் அவரவர் வேலையில். ஒருவர் வந்து வயலைப் பார்த்தார். "நேத்து அண்ணாச்சி ஓட்டினதைப் பாத்தேன். அது அவரால மட்டும்தான் ஆகும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நேற்று இனித்த அதே சொல் இன்றைக்கு முள்ளாகத் தைத்தது.

"என்னம்மா செய்ய?" என்று திரும்பினார். கழுத்து திரும்பாததால் ஆளே திரும்ப வேண்டியிருந்தது.

அம்மா அங்கே இல்லை. நாலாவது வயலில் இறங்கியிருந்தார். ஒரு ஓரத்திலிருந்து மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்திருந்தார். அவ்வளவு பெரிய வயலில் அவர் கொத்தின இடம் ஒரு பாய் விரிக்கிற அளவு இருந்தது.

"அம்மா, இப்படிக் கொத்தினா பொழுதுக்குள்ள முடியுமா?"

"முடியாது."

"பின்ன எதுக்கும்மா?"

"முடிஞ்ச மட்டும் கஞ்சி, அண்ணாச்சி."

ஒரு குறை சொல்லவில்லை, ஒரு பெருமூச்சு விடவில்லை. குனிந்தார், கொத்தினார். இப்படி ஒரு மனுஷியா என்று இருந்தது அண்ணாச்சிக்கு. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

வரப்பிலேயே நின்று கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்த இருபத்தெட்டை அனுப்பு. சீக்கிரம்."

"நேத்தே சொன்னேன்ல சார்" என்று கடைக்காரர் சொல்லவில்லை. நல்ல மனுஷன். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது.

அடக்கமான வண்டி. அண்ணாச்சி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோமு ஏறி உட்கார்ந்தாள். கால் கிளட்சில் அம்சமாகப் போய் உட்கார்ந்தது.

"ஏளா, முதல்ல எறங்கு. கேட்டுட்டு ஏறு." அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார். "வரப்புல குறுக்க ஏத்தாத. திருப்பும்போது ரோட்டாவேட்டரைத் தூக்கிரு. பின்னாலயும் பாரு, ஆனா என்னை மாதிரி விடாம பாக்காத. பதறாத. பதறுற டிரைவர் கிட்ட வண்டி நிக்காது."

துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்றார். முப்பது வருஷம் கண்டக்டர் வாயிலிருந்து கேட்ட சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தான் சொன்னார்.

"ரைட்!"

வண்டி புறப்பட்டது.

முதல் சால் கோணலாகப் போனது. ரெண்டாவது பரவாயில்லை. பிறை வயலின் வளைவில் கோமு தயங்கினாள். "வரட்டும், வரட்டும், இன்னும் ஒரு முழம் இருக்கு, ஒடி!" என்று அண்ணாச்சி குரல் கொடுத்தார். வண்டி ஒரே வளைப்பில் திரும்பிவிட்டது, மூலையை ஒட்டி, வரப்பைத் தொடாமல். நேற்று இந்த மாதிரி ஒரு மூலைக்கு அவர் எத்தனை தடவை முன்னும் பின்னும் போனார் என்று அவருக்குத்தானே தெரியும்.

கீழ் வயல் களி. சக்கரம் ஒரு இடத்தில் திணறியது. "கியரைக் குறை, அழுத்தாத" என்றார். வண்டி மூச்சுப் பிடித்து ஏறி வந்தது. அதற்கப்புறம் கோமு அவர் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணாச்சி "ரைட்" சொல்வதற்கு முன்னாலேயே திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி சொல்வதையும் நிறுத்திவிட்டார். சொல்ல ஒன்றுமில்லை.

மடை அடைப்பதற்குள் ரெண்டு வயலும் சேறாகி, சாரலுக்கு நடுவே விழுந்த சாயங்கால வெளிச்சத்தில் பளபளவென்று கிடந்தன. அம்மாவுக்குக் கொத்த ஒரு கையகல மூலைதான் மிஞ்சியிருந்தது. அதை முடித்துவிட்டு வந்து, சேற்றுக் காலோடு அண்ணாச்சி பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். தூக்குவாளியிலிருந்து கஞ்சியை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

கோமு சும்மா இருக்க மாட்டாமல், முடித்த வயலிலேயே இன்னொரு சுற்றுப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான். இந்த வருஷம் மடத்துக் கதவைச் சாத்த வேண்டியிருக்காது. ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ இறங்கிக் கொண்டே போனது. பஸ்ஸில் பிரயாணியாக உட்கார்ந்த அன்றைக்கு இறங்கின அதே பாரம். கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேட்டேவிட்டார்.

"அம்மா, இந்த வண்டிக்கு நான் வேணும்னே இல்லியே."

அம்மா வயலைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப இதையே வாங்கிருவோம், அண்ணாச்சி."