ஏரிக்கரைக்குப் போன சங்கு

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா! ஊருக்கு ஊர் அரசன் இருந்த காலத்தில், நீர்மங்கலத்தைப் பெருஞ்சாத்தன் என்பவன் ஆண்டுவந்தான். தங்கமான மனசு. ஒரே கோளாறு, சங்குச் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காது.

அரண்மனை வாசலில் ஒரு சங்கு தொங்கும். குறை உள்ளவர் ஊதலாம், அரசனே நேரில் வருவான். அதுதான் அந்நாட்டு வழக்கம். ஆடு வேலி தாண்டினால் சங்கு. மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டால் சங்கு. வண்டி சேற்றில் மாட்டினால் அதற்கும் சங்கு! பாவம், அரசன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ஓடுவான்.

ஊருக்கு மேலே பெரிய ஏரி. அதன் கரை கரைந்து மெலிந்து கிடந்தது. மழைக்கு முன் உயர்த்தாவிட்டால் வயலும் வீடும் தண்ணீரோடு போய்விடும். அரசனுக்கு அது நன்றாகவே தெரியும். "நாளைக்குக் கரை வேலை" என்பான். விடிந்தால் சங்கு. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் பிறந்துவிட்டது.

"என் மக்களை நானே தண்ணீரில் விடப்போகிறேனே!" என்று கலங்கினான். அண்டை நாட்டு அரசர்களுக்கு யோசனை சொல்லும் வெண்கோதையை வரவழைத்தான். அவள் ஒரு பகல் முழுக்க அவன் பின்னாலேயே ஓடினாள். சாயங்காலம் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"அரசே, இன்று நீங்கள் எதற்குப் போகாமல் இருந்திருந்தால் ஊர் அழிந்திருக்கும்?"

அரசன் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஆடு, மாமியார், வண்டி. "ஒன்றுமில்லை அம்மா."

"கரையை விட்டால்?"

"அழிந்துவிடும்."

"கரைக்குச் சங்கு ஊதத் தெரியாது, அரசே. அதற்கு எப்போது போவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்."

மறுநாள் காலையில் அரசன் சங்கைக் கழற்றிக்கொண்டு நடந்தான். ஏரிக்கரைப் பனைமரத்தில் அதைக் கட்டினான். "இனி நான் இங்கேதான். ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு ஊதுங்கள். உயிர் போகிற காரியத்துக்கு மட்டும் கூடை வேண்டாம்" என்று அறிவித்தான். தானே முதல் கூடையைத் தலையில் வைத்தான்.

ஆட்டுக்காரர் முனகிக்கொண்டே போய் வேலியை அடைத்தார். "மண் சுமக்கிற நேரத்தில் வண்டியையே தூக்கிவிடலாம்" என்றார் வண்டிக்காரர். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கூடையோடு கரை ஏறினார்கள். மேலே வந்து சேர்ந்தபோது சண்டை எதற்கென்றே மறந்துபோய்ச் சிரித்தார்கள். அரசனே மண் சுமப்பதைப் பார்த்து ஊரே கூடையைத் தூக்கியது.

கரையில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. மேகம் கறுத்துவிட்டது. அப்போது பார்த்து அமைச்சர் ஓடிவந்தார்.

"அரசே! பட்டத்து யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்துவிட்டது!"

அரசனின் கால் பழக்கதோஷத்தில் எழுந்தேவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"ஆட்களுக்கு ஆபத்தா?"

"கரும்புக்குத்தான், அரசே."

"பாகன் பார்த்துக்கொள்வான். நீங்கள் ஒரு கூடை எடுங்கள்!"

கடைசிக் கூடை விழுந்தது, மழையும் விழுந்தது. அடேயப்பா, என்ன மழை! ஏரி ஏறியது, ஏறியது, கரையின் விளிம்பைத் தொட்டது. கரை அசையவே இல்லை!

அரசன் பனைமரத்துச் சங்கை எடுத்தான். ஆனந்தத்தில் மூச்சு முட்ட ஊதினான். அன்று ஊதியவன் அரசன், ஓடிவந்தது ஊர்.

சத்தம் போடும் சின்ன வேலைக்கெல்லாம் ஓடாமல், சத்தமில்லாத பெரிய வேலைக்கு முதலிடம் கொடுப்பவனே தன்னையும் தன்னை நம்பியவர்களையும் காப்பான்.