எண் காட்டாத தொலைபேசி

இந்தக் கதையில் ஓர் இடத்தில் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். எந்த இடம் என்று இப்போது சொல்வதற்கில்லை. முதலில் பரிமளாவின் பையைப் பார்த்துவிடலாம்.

இரண்டு தடிப் புத்தகங்கள், உறை போட்ட மருந்து அளவு அட்டை, கலர் கலராகத் தாள் ஒட்டிய நோட்டு, கைபேசியில் மூன்று செயலிகள். கண் வார்டில் பதினெட்டு வருஷம் சொட்டு மருந்து விட்டவள், நாற்பத்து நாலு வயதில் தானாகக் கேட்டு அவசரப் பிரிவுக்கு வந்திருந்தாள். தேறினால் பத்தாம் நாள் முன் மேஜைப் பொறுப்பு அவள் கைக்கு வரும். இல்லை என்றால் மறுபடியும் சொட்டு மருந்துதான். அதை முடிவு செய்ய வேண்டியவள் பொறுப்பு நர்ஸ் ஜெபக்கனி, பரிமளாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.

முதல் நாளே பரிமளா கேட்டாள்: "சிஸ்டர், இதுல எதைக் கையில வெச்சுக்கிட்டா போதும்?"

ஜெபக்கனி பையைத் தூக்கிப் பார்த்தாள். "முதல்ல இதை இறக்கி வைங்க, தோள் கழண்டுரும். பதில் அப்புறம் சொல்றேன்கா."

இரண்டாம் நாள் முன் மேஜைத் தொலைபேசி அடித்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எண் காட்டாத பழைய பெட்டி அது.

"யம்மா, எங்க வீட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சு! கால்ல! கயித்தக் கட்டவா, பிளேடால கீறவா?"

"ஒரு நிமிஷம் இருங்கம்மா." பரிமளா நோட்டைத் திறந்தாள். பச்சைத் தாள் தேள். மஞ்சள் தாள் நாய்க்கடி.

"என்னம்மா, பொஸ்தகம் பொரட்டுத? நல்லாப் பாரு. கடிச்ச பாம்பு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்."

இணைப்பு அறுந்தது. பரிமளா கண் கலங்கி ஜெபக்கனியிடம் ஓடினாள்.

"அந்த ஆளு பிழைச்சிட்டார்கா," என்றாள் ஜெபக்கனி, பஞ்சு உருட்டிக்கொண்டே. அதெப்படி இவளுக்குத் தெரியும் என்று பரிமளாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள், இருமல் கலந்த கிழட்டுக் குரல்.

"தாயி, மருமகன் வலிப்பு வந்து கெடக்கான். கையில சாவி குடுத்தோம், நிக்கல. இரும்பு பத்தலையோ? அருவா இருக்கு, குடுக்கவா?"

பரிமளா செயலியைத் தட்டினாள். புதுப்பித்தால்தான் திறப்பேன் என்றது அது.

"ஐயா, ஒரு நிமிஷம்..."

"குடுக்கவா வேண்டாமா, அத மட்டும் சொல்லித் தொலை!"

அதுவும் அறுந்தது.

அன்றிலிருந்து மனப்பாடம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்க, "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க," என்றாள். அவர் இரண்டு இருக்கை தள்ளிப் போய் விசில் ஊதினார்.

எட்டாம் நாள், பதறிய சின்னக் குரல்.

"அக்கா, மலையில ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து பேசறேன். பதினோரு கிலோ குழந்தை. டாக்டர் வலிப்பு ஊசி போடச் சொல்லிட்டார், அளவைச் சரிபார்க்கணும்."

பரிமளா மூச்சு விடாமல் எண்ணைச் சொன்னாள்.

"அட்டை பார்த்தீங்களாக்கா?"

"எதுக்கு? எல்லாம் மனசுல இருக்கு!"

"சரிக்கா, வேற இடத்துல கேட்டுக்கறேன்."

ரோஷத்தோடு அட்டையை எடுத்துப் பார்த்தாள் பரிமளா. அவள் சொன்னதில் புள்ளி ஓர் இடம் தள்ளி நின்றிருந்தது. பத்து மடங்கு. அட்டையை மேஜை மேலேயே வைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை மீண்டும் அடித்தது.

"மேடம், ஹோட்டல்ல இருந்து! பரோட்டா மாஸ்டர் கையில கொதிக்கிற எண்ணெய்! பேஸ்ட் தடவவா?"

பரிமளா நோட்டைத் தொடவில்லை. ரிசீவரைக் காதில் அழுத்திக் கேட்டாள். "பேஸ்ட் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் கையைக் காட்டச் சொல்லுங்க. மோதிரம் இருந்தா இப்பவே கழட்டுங்க. அப்புறம் சுத்தமான துணியால மேலாப்ல மூடிக் கூட்டிட்டு வாங்க."

"வலிக்கு என்ன மருந்து, எத்தனை மில்லி?"

"அதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார். நான் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பேன். உங்க பேரு என்ன, எந்தக் கடை?"

"கடை பேரு வந்து..." என்று இழுத்தது மறுமுனை. அந்த நேரம் வாசலில் காவலாளி கத்தினார்: "எவம்லே ஆம்புலன்ஸ் வழியில வண்டிய நிறுத்துனது!"

அது பரிமளாவின் வலது காதில் கேட்டது. தொலைபேசி இருந்த இடது காதிலும் கேட்டது.

அவள் மெல்ல ரிசீவரை வைத்தாள். அந்தச் சத்தம் எட்டும் தூரத்தில் மூடிய கதவு ஒன்றுதான்; நான்கே எட்டு. பொருள் அறைக் கதவைத் திறந்தாள்.

சலைன் அட்டைப்பெட்டி மேல் ஜெபக்கனி. வாயில் கைக்குட்டை, ஒரு கையில் கைபேசி, மறு கையில் கிழிந்த குட்டி நோட்டு.

"பாம்புக்காரம்மா?"

"நான்தான்."

"அருவாத் தாத்தா?"

"நாந்தேன் தாயி," என்று இருமினாள் ஜெபக்கனி.

பரிமளா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க முடிந்தது. "அந்த மலை நர்ஸு?"

"அது நடிப்பு இல்லக்கா. பத்து வருஷம் முன்னால மலையில இருந்து நான் நிஜமா பேசினதுதான்."

பரிமளா நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒருவர். தேதி, என்ன கேட்டார், தனக்கு அப்போது என்ன தெரியாமல் போயிற்று.

"சிஸ்டர், இது எங்க கிடைக்கும்?"

"எனக்கு ஒவ்வொரு பக்கமும் கட்டில்ல ஒரு ஆள் கிடக்கும்போது கிடைச்சுது. உங்களுக்கு மூணு பக்கம் ஃபோன்லயே கிடைச்சிருச்சு."

முன் மேஜைத் தொலைபேசி அடித்தது. பரிமளா சட்டென்று ஜெபக்கனியின் கையைப் பார்த்தாள்.

ஜெபக்கனி கைபேசியை அட்டைப்பெட்டி மேல் கவிழ்த்து வைத்தாள்.

"போய் எடுங்கக்கா. இது நான் இல்ல."