குருவி போட்ட கட்டம்

கைப்பேசிக் கோபுரம் வந்து சேர்ந்த ஒரு காட்டில், தூக்கணாங்குருவி ஒன்று வலைத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைத்து வந்தது. கூடு பின்னிப் பழகிய அலகல்லவா, அந்த வேலையும் அதற்குச் சுலபமாக வந்தது.

ஒருநாள் புள்ளிமான் வந்தது. "குருவித் தம்பி, கோடை வருகிறது. எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் ஒரு பக்கம் வேண்டும். அளவைத் தவளைகள் சொல்லிவிடும். இன்றிலிருந்து இருபதாம் நாள் மாலை குட்டிகளோடு கிளம்புகிறோம். வறண்ட குளத்துக்குப் போய்விட்டால் குட்டிகள் தாங்காது," என்றது. கூலியாக இருபது பிடி தினையை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போனது. குருவி வீட்டில் நாளொன்றுக்கு ஒரு பிடி செலவு.

கிளையில் இருந்த மைனா கேட்டது: "இன்னும் அந்தப் பழைய நிரல்மொழியிலா எழுதப் போகிறாய்? பக்கத்துக் காட்டில் எல்லாரும் புது மொழிக்கு மாறிவிட்டார்கள். உன்னை யார் மதிப்பார்கள்?"

மரத்தடியில் போய்க்கொண்டிருந்த கட்டெறும்பு நின்றது. "மொழியை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் கணக்குப் போடும் விரிதாளைத் திறந்து கட்டம் போடு. நாள் எத்தனை, தினை எத்தனை, வேலை எத்தனை என்று எழுது. எது எதைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்," என்றது.

"கணக்குப் போடுவது கடைக்காரர் வேலை அண்ணே. நான் நிரல் எழுதுகிறவன்," என்றது குருவி. எறும்பு தன் வழியே நடையைக் கட்டியது.

குருவி புது மொழியைப் பிடித்துக்கொண்டது. முகப்பு பளபளவென்று வந்தது. பிறகு அது பிடிக்காமல் மறுபடி எழுதியது. மூன்றாம் முறையும் எழுதியது. மைனா வந்து வந்து பாராட்டிவிட்டுப் போனது. குளங்களின் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'விரைவில்' என்ற ஒரே சொல் உட்கார்ந்திருந்தது.

பதினாறாம் நாள் மாலை, தினைப் பானையின் அடி தெரிந்தது. மான்குட்டிகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. குருவி வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எறும்பைத் தேடிப் போனது.

இருவரும் கட்டம் போட்டார்கள். மீதி நாள் நான்கு. மீதி தினை நான்கு பிடி. பட்டியலைப் புது மொழியில் முடிக்க ஒன்பது நாள் வேண்டும், பழைய மொழியில் மூன்று நாள் போதும்.

குருவி அந்த எண்களைப் பார்த்தது. "முதல் நாளே இதைப் போட்டிருந்தால், பழையதில் வேலையை முடித்துவிட்டு மீதி நாளில் புதியதைக் கற்றிருக்கலாமே அண்ணே."

"கற்கலாம், அது எங்கும் ஓடிப்போகாது. இப்போது எழுது," என்றது எறும்பு.

மூன்று நாளில் பக்கம் தயாரானது. அதில் குளத்தின் பெயரும் தண்ணீரின் அளவும் இருந்தன, வேறு அலங்காரம் இல்லை. மான்கூட்டம் அதைப் பார்த்து, அருகில் இருந்த தெற்குக் குளத்தை விட்டுவிட்டு வடக்குக் குளத்துக்கு நடந்தது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. தெற்குக் குளம் வெறும் சேறாகக் கிடந்தது.

மறுநாள் மைனா பறந்து வந்தது. "தம்பி, அந்தப் புது மொழியைவிடப் புதியது ஒன்று வந்திருக்கிறதாம்."

குருவி விரிதாளைத் திறந்தது. "சொல் அக்கா. கற்க எத்தனை நாள், எத்தனை பிடி தினை?"

மைனாவுக்கு அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்தது.

நீதி: கையிருப்பை எண்ணிப் பார்த்த பிறகே புதிய கருவியில் கை வை.